ஊட்டிக் குளிரில் லிட்டர் பாக்ஸைத் தவிர்க்கும் பூனைகள்: எதை முதலில் மாற்றுவது?

#1 ஃபெர்ன்ஹில்_சாலை

வணக்கம். விவரத்தை அப்படியே போடுகிறேன், எங்கே தவறு என்று சொல்லுங்கள்.

ஊட்டி. பழைய ஓட்டு வீடு, பலகைத் தரை, முன்னறையில் கணப்பு. பூனைகள் இரண்டு: 3 வயது ஆண், கருத்தடை ஆனது, 8 மாதப் பெண், இன்னும் ஆகவில்லை. டிரே (பூனை மலசலம் கழிக்க மண் போட்டு வைக்கும் லிட்டர் பாக்ஸ்) ஒன்றுதான். மூடி போட்டது, நீளம் 40 செ.மீ. பின்வராந்தாவில் வாஷிங் மெஷினை ஒட்டி இருக்கிறது. மண், லாவெண்டர் வாசனை கலந்த பெண்டோனைட் களிமண். இரண்டு நாளைக்கு ஒருமுறை அள்ளுகிறோம்.

ஜூன் மழையில் ஆரம்பித்தது, இந்த ஜனவரிப் பனியில் தினசரி ஆகிவிட்டது. கம்பளி, காயாத துணிக் குவியல், கணப்புச் சாம்பல் என்று மூன்று இடத்தில் சிறுநீர். மலம் மட்டும் பெரும்பாலும் டிரேயில்தான். பினாயில் போட்டுத் துடைத்து, மேலே கொஞ்சம் யூகலிப்டஸ் தைலம் தெளிக்கிறோம். எந்தப் பூனை என்று தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் "கோபத்தில் செய்யுது" என்கிறார்கள்.

#2 மருந்துப்பெட்டி

மண்ணையும் டிரேயையும் பேசுவதற்கு முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும். டிரேயில் போய்க்கொண்டிருந்த பூனை திடீரென்று வெளியே போனால் முதல் சந்தேகம் சிறுநீர்ப்பைமேல்தான் வரவேண்டும்.

இவற்றை இன்றே கவனியுங்கள். டிரேக்குள் போய்ப்போய் வருகிறதா? உட்கார்ந்து முக்குகிறதா, கத்துகிறதா? குறியை விடாமல் நக்குகிறதா? சிறுநீரில் சிவப்பு இருக்கிறதா? சிறுநீர் பட்டு மண்ணில் கட்டும் உருண்டை எலுமிச்சை அளவுக்கு இருந்தது நாணய அளவுக்குச் சிறுத்து, எண்ணிக்கை மட்டும் கூடியிருக்கிறதா?

ஆண் பூனை முக்கியும் ஒரு சொட்டுகூட வரவில்லை என்றால் அது அவசரம். காலையில் பார்க்கலாம் என்று விடக்கூடாது. ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகல். அதில் படிகமோ சளிபோன்ற அடைப்போ சிக்கினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். மலையில் இன்னொரு சிக்கல், இரவில் எல்லா ஊரிலும் மருத்துவர் கிடைக்கமாட்டார். உங்கள் ஊரில், இல்லையென்றால் கீழே மேட்டுப்பாளையம், கோவையில் இரவிலும் பார்க்கும் மருத்துவமனை எது, அதன் எண் என்ன என்று இப்போதே எழுதி ஒட்டி வையுங்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும்.

அடைப்பு இல்லாமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது என்றால், இளவயதுப் பூனையில் பெரும்பாலும் அது கிருமித் தொற்று அல்ல, மன அழுத்தத்தோடு சேர்ந்து வரும் சிறுநீர்ப்பை அழற்சி. அதனால் சிறுநீரைச் சோதிக்காமல் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை. பத்து வயதுக்கு மேல் கணக்கு மாறும். அங்கே தொற்று, சிறுநீரகம், சர்க்கரை மூன்றையும் பார்க்க வேண்டும்.

குளிர்காலத்தில் பூனை தண்ணீர் குடிப்பது குறையும், சிறுநீர் கெட்டியாகும். 4 கிலோ பூனைக்கு உணவில் இருப்பதையும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 200 மி.லி. போகவேண்டும். ஊட்டியில் காலையில் கிண்ணத்துத் தண்ணீர் ஐஸாக இருக்கும், அதைத் தொடாது. வெதுவெதுப்பாக ஊற்றி வையுங்கள். வெறும் உலர் உணவு என்றால் ஒரு வேளையாவது ஈர உணவுக்கு மாற்றி, அதில் இரண்டு மூன்று ஸ்பூன் வெந்நீர் கலந்து கொடுங்கள்.

பெண் பூனை 8 மாதம் என்கிறீர்கள். நான்காவது மாதத்திலிருந்தே கருத்தடை செய்யலாம். அது தள்ளிப்போக வேண்டாம்.

கோபம், பழிவாங்கல் எல்லாம் நம் கணக்கு. பூனைக்கு அந்தக் கணக்கு கிடையாது.

#3 ஃபெர்ன்ஹில்_சாலை

நன்றி டாக்டர். முக்கல் இல்லை, ரத்தம் இல்லை. டிரேயில் கிடைக்கும் உருண்டைகள் பழைய அளவிலேயே இருக்கின்றன, எண்ணிக்கைதான் குறைவு. கம்பளியில் இருப்பது பெரிய வட்டமான ஈரம், சொட்டுச் சொட்டாக அல்ல. திங்களன்று இரண்டையும் காட்ட நேரம் வாங்கியாயிற்று. அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்?

#4 கேத்தி_பள்ளத்தாக்கு

பெரிய வட்டம், மலம் டிரேயில், சிறுநீர் மட்டும் மெத்தென்ற இடத்தில். இது டிரே பிடிக்காததன் அடையாளம். ஃபெர்ன்ஹில் தம்பி எழுதியதிலேயே ஏழு காரணம் கிடக்கிறது. ஒவ்வொன்றாகப் போகலாம்.

வராந்தாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மலை வீடுகளில் பாதிப் பிரச்சினை அங்கேதான். வீட்டுக்குள் நாற்றம் வேண்டாம் என்று டிரேயைப் பின்வராந்தாவிலோ, வெளிக் கழிவறை ஓரத்திலோ வைத்துவிடுகிறோம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவில் அந்தச் சிமெண்டுத் தரை என்ன குளிர் குளிரும்? ரஜாய்க்குள் சுருண்டிருக்கும் பூனை, கதவு இடுக்கு வழியாக அங்கே போய், சில்லிட்ட ஈரமண்ணில் கால் வைத்துத் தோண்ட வேண்டும். பக்கத்திலேயே சூடான கம்பளி கிடக்கும்போது எதற்குப் போகும்? டிரேயை வீட்டுக்குள், ராத்திரி பூனை தூங்கும் அறைக்குப் பக்கத்து மூலைக்குக் கொண்டு வாருங்கள். அடியில் ஒரு பலகை, அதன்மேல் மடித்த சாக்கு. தரையின் சில்லிப்பு மண்ணுக்கு ஏறாது. ரூம் ஹீட்டருக்கும் கணப்புக்கும் ஒட்டி மட்டும் வைக்க வேண்டாம், சூட்டில் அம்மோனியா கிளம்பி அதுவே விரட்டிவிடும்.

வாஷிங் மெஷின்: சுழலத் தொடங்கும் நேரத்தில் பூனை டிரேக்குள் இருந்து ஒருமுறை பயந்தால் போதும், பிறகு அந்த இடமே ஆகாது.

எண்ணிக்கை: பூனைக்கு ஒன்று, மேலே ஒன்று. உங்களுக்கு மூன்று. மூன்றையும் வரிசையாக ஒரே இடத்தில் வைத்தால் பூனைக்கு அது ஒரு டிரேதான். வேறுவேறு அறையில் வேண்டும். ஒரு பூனை வழிமறித்து உட்கார்ந்தால் மற்றது இன்னொன்றுக்குப் போக வழி இருக்கவேண்டும். சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து குறைந்தது ஆறடி தள்ளி.

அளவு: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளம். வளர்ந்த பூனைக்கு 60 செ.மீ. வரும். கடையில் பூனை டிரே என்று விற்பதில் பெரும்பாலானவை இதற்குச் சின்னவை. பாத்திரக் கடையில் துணி போட்டு வைக்கும் 50 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி வாங்கி, ஒரு பக்கச் சுவரில் தரையிலிருந்து 12 செ.மீ. விட்டு மேலே 20 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, டேப் ஒட்டிவிடுங்கள். மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருப்பதால் மண் இறையாது, நின்றபடி போகும் பூனையானாலும் சுவருக்குள்ளேயே விழும்.

மூடியைக் கழற்றுங்கள். மூடி நம் மூக்குக்காக இருப்பது. உள்ளே அடைபட்ட காற்றில் நாற்றமும் ஈரமும் தங்கும், மலை ஈரத்தில் அது இரட்டிப்பு. மூடியைப் பொருட்படுத்தாத பூனைகளும் உண்டு. பிரச்சினை வந்தபின் அதைச் சோதித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

வாசனை மண் வேண்டாம். அள்ளுவது காலை ஒருமுறை, இரவு ஒருமுறை. இரண்டு நாள் கழித்து என்பது இரண்டு பூனைக்கு ஒரு டிரேயில் தாங்காது.

#5 மஞ்சூர்_மலை

மண்ணைப் பற்றி நான் எழுதுகிறேன். சமவெளியில் சொல்வது இங்கே அப்படியே பொருந்தாது.

பெண்டோனைட், கட்ச், பார்மர் பக்கம் வெட்டியெடுக்கும் களிமண். ஈரம் பட்டதும் வீங்கி உருண்டை கட்டும். பூனைகளில் பெரும்பாலானவை நுண்ணிய, வாசனையில்லாத பெண்டோனைட்டைத்தான் விரும்பும், கால் வைக்க மணல்போல் இருப்பதால். 5 முதல் 7 செ.மீ. உயரம் வேண்டும். அதற்குக் குறைந்தால் சிறுநீர் அடித்தட்டு வரை இறங்கிச் சேறாக ஒட்டிக்கொள்ளும், சுரண்டும்போது உருண்டை உடையும், உடைந்த துகள் மண் முழுவதும் நாறும். அடித்தட்டு 50க்கு 35 செ.மீ. உள்ள பெட்டிக்கு 5 செ.மீ. நிரப்ப ஒன்பது லிட்டர் கொள்ளளவு, ஏறக்குறைய 8 முதல் 9 கிலோ. 5 கிலோப் பையைப் பிரித்து மூன்று டிரேயில் தூவினால் ஒன்றுமே வேலை செய்யாது.

இங்கே வரும் கோளாறு ஈரம். பையைப் பிரித்து வாய்திறந்து வைத்தால் ஜூலை மூடுபனியில் மண் காற்றீரத்தை இழுத்துக் கட்டிதட்டும், பிறகு உருண்டை சரியாகச் சேராது. பிரித்த உடனே இறுக மூடும் 20 லிட்டர் வாளிக்கு மாற்றுங்கள். வாளியைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். தினமும் அள்ளிய அளவுக்குப் புது மண் சேர்த்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை முழுவதும் கொட்டிக் கழுவுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் இரண்டு வாரமே அதிகம். கழுவ வெந்நீரும் வாசனையில்லாத சோப்பும் போதும். நன்றாகக் காய்ந்தபின்தான் நிரப்ப வேண்டும். ஈரப் பெட்டியில் கொட்டினால் அடியில் ஒரு சிமெண்டுத் தட்டு உருவாகும்.

சோயாவில் செய்யும் டோஃபு மண், சோளமண் இரண்டும் மாவுப்பொருள். ஊட்டி, கூடலூர் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். வாங்கினால் சின்னப் பை, மாதத்துக்குள் தீரும் அளவு. சிலிக்கா மணி காற்றிலுள்ள ஈரத்தையே குடித்துப் பாதி நிரம்பிவிடும், பையில் எழுதிய நாள்கணக்கு இங்கே வராது. போதாததற்கு மணி பெரிது, பல பூனைகளுக்குக் காலில் குத்தும்.

மரப் பெல்லட், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த துண்டு, நல்ல தேர்வு, பூனை ஏற்றுக்கொண்டால். அடியில் சல்லடைத் தட்டு உள்ள இரட்டை டிரே வேண்டும். 2 செ.மீ. உயரம் போதும், ஈரம் பட்டதும் மூன்று மடங்கு உப்பித் தூளாகும். தூள் கீழே இறங்கும், தினமும் ஆட்டிவிட வேண்டும். எரிபொருளுக்கு விற்கும் பெல்லட் வாங்கினால் பசையோ பற்றவைக்கும் திரவமோ சேராததா என்று கேட்டு வாங்குங்கள்.

பழக்கிய மண்ணை ஒரே நாளில் மாற்றாதீர்கள். கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை விகிதத்தை ஏற்றுங்கள்.

#6 கொடைக்கானல்_குறிஞ்சி

இவ்வளவு செலவு எல்லோராலும் ஆகாதே. எங்கள் பக்கம் மரவாடியில் இருந்து மரத்தூள், அதோடு அடுப்புச் சாம்பல் சலித்துக் கலந்து போடுவதுண்டு. ஃபெர்ன்ஹில் வீட்டுப் பூனையே சாம்பலைத்தானே தேடிப் போகிறது? சாம்பலையே டிரேயில் போட்டால் என்ன?

#7 மஞ்சூர்_மலை

குறிஞ்சி அக்கா, பூனை சாம்பலைத் தேடுவது அது நுண்ணியது, உலர்ந்தது, மெத்தென்றது என்பதால். அதுவரை உங்கள் கவனிப்பு சரி. ஆனால் மரச்சாம்பல் காரம். சிறுநீர் பட்டதும் அம்மோனியாவை ஆவியாகக் கிளப்பும், ஒரே நாளில் கண் எரியும். ஈரச் சாம்பல் பாதத்தில் ஒட்டி, பூனை அதை நக்கி, வாயும் நாக்கும் புண்ணாகும். நிலக்கரி, விறகுக்கரி அடுப்பில் பிளாஸ்டிக் பற்றவைத்திருந்தால் அதன் மிச்சமும் சேரும். சாம்பல் வேண்டாம்.

மரத்தூள் சரிதான், சில நிபந்தனைகளோடு. யூகலிப்டஸ் தூள் வேண்டாம், எண்ணெய் வாசனை இருக்கும். பிளைவுட், வார்னிஷ் மரம் அறுத்த தூளைத் தொடவே கூடாது. பச்சைமரத் தூள் ஈரமாக வரும், இரண்டு மூன்று நாள் வெயிலில் பரப்பிக் காயவைத்து, மாவுபோன்ற தூசியைச் சலித்து வெளியே எடுங்கள். தூசி, பூனையின் மூச்சுக்குழலுக்கு ஆகாது. உருண்டை கட்டாது என்பதால் ஈரமான பகுதியை இரண்டு வேளையும் அள்ளி, முழுவதையும் மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

தென்னைநார்த் தூள் பொள்ளாச்சிப் பக்கம் மலிவு, சமவெளியில் நன்றாக உழைக்கும். இங்கே காயவே காயாது. எம்-சாண்டில் பொடித் தூசி அதிகம். தேயிலைத் தொழிற்சாலைக் கழிவைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் காஃபீன் இருக்கிறது, பூஞ்சையும் பிடிக்கும், வேண்டாம்.

#8 கொடைக்கானல்_குறிஞ்சி

அம்மோனியா விஷயம் இப்படி யோசிக்கவில்லை. சரி, சாம்பலை எடுத்துவிடலாம். மரத்தூளோடு மேலே ஒரு விரல் கனத்துக்கு பெண்டோனைட் தூவினால் பூனைக்கு மணல் கிடைக்கும், செலவும் குறையும். அது நடக்கும்தானே?

#9 மஞ்சூர்_மலை

நடக்கும். ஒரு விரல் போதாது, மூன்று செ.மீ. போடுங்கள். பூனை தோண்டி இரண்டையும் கலந்துவிடும், அதனால் வாரம் ஒருமுறை முழுவதும் மாற்றுவது கட்டாயம்.

#10 மருந்துப்பெட்டி

நான் முதலில் எழுதியிருக்க வேண்டியது இது. யூகலிப்டஸ் தைலத்தை இன்றே நிறுத்துங்கள். நீலகிரியில் ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பாட்டில் இருக்கும், சளிக்கும் அதுதான், தரை துடைக்கவும் அதுதான். பூனைக்கு அது நஞ்சு. விண்டர்கிரீன் தைலமும் அப்படியே, அதில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட்டைப் பூனையின் ஈரலால் எளிதில் உடைத்து வெளியேற்ற முடியாது. லெமன்கிராஸ், சிட்ரோனெல்லா தைலங்களும் கற்பூரமும் வேண்டாம். பாட்டிலில் இருந்து குடித்தால்தான் ஆபத்து என்றில்லை. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். எச்சில் ஒழுகல், தள்ளாட்டம், நடுக்கம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம்.

பினாயிலும் அதே காரணத்தால் கூடாது. தண்ணீர் ஊற்றினால் பால்போல் வெள்ளையாகும் திரவங்களைப் பூனை வீட்டில் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர்மேல் போட்டால் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் புகை வரும், அது உங்கள் நுரையீரலுக்கே கேடு.

#11 வெலிங்டன்_வாசல்

அப்படியானால் எதால் துடைப்பது? இதை விரிவாகச் சொல்ல வேண்டும். கறை போனாலும் வாசம் போகாவிட்டால் பூனை அதே இடத்துக்குத்தான் வரும்.

பூனைச் சிறுநீரில் ஃபெலினின் என்று கந்தகம் சேர்ந்த அமினோ அமிலம் இருக்கிறது. புதிதில் அவ்வளவு நாறாது, அது சிதையச் சிதைய நாற்றம் ஏறும். அதனால்தான் துடைத்த மறுநாள் வாசம் கூடியதுபோல் தோன்றும். சோப்புத் தண்ணீர் மேலோட்டமாக எடுக்கும், உள்ளே ஊறியதை என்சைம்தான் உடைக்கும்.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இரவில் விளக்கை அணைத்து, கள்ளநோட்டுப் பார்க்கும் புறஊதா டார்ச் அடித்தால் பழைய கறை மஞ்சள் பச்சையாக மின்னும். சாக்பீஸால் சுற்றிக் கோடு போடுங்கள்.

பலகைத் தரை, பருத்தி, மெத்தைக்கு என்சைம் உள்ள துணிச் சோப்புத்தூள் 100 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டர். கொதிநீர் ஊற்றினால் என்சைம் செத்துவிடும், கை பொறுக்கும் சூடு போதும். கறையைவிட ஒரு சாண் அகலமாக நனைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி ஒரு மணி நேரம் விட்டு, வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடைத்து எடுங்கள். காய்ந்தபின் சர்ஜிக்கல் ஸ்பிரிட் லேசாகத் தெளித்து, காற்றோட்டம் விடுங்கள். நெருப்பு, ஹீட்டர் பக்கத்தில் இல்லாதபோது மட்டும். பலகை இடுக்கில் இறங்கியிருந்தால் ஒரு தடவை போதாது, இரண்டு மூன்று தடவை ஆகும். முழுக்கக் காய்ந்து, வாசம் போனது உறுதியானபின் இடுக்கை மெழுகோ வார்னிஷோ வைத்து அடையுங்கள். முன்பே அடைத்தால் நாற்றத்தை உள்ளே பூட்டியது ஆகும்.

கம்பளிக்கு இந்த முறை கூடாது. புரதத்தை உடைக்கும் என்சைம் கம்பளி நூலையும் தின்றுவிடும், பட்டுக்கும் அப்படியே. கம்பளியை முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசி, கம்பளிக்கான திரவ சோப்பில் துவைத்து, கடைசி அலசலில் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர். வெந்நீர் போட்டால் சுருங்கும். முழுக்கக் காயவேண்டும், பாதி ஈரத்தில் மடித்தால் வாசம் திரும்பிவிடும்.

சிவப்பு ஆக்சைடு தரையில் வினிகர் ஊற்றாதீர்கள், அமிலம் மேல்பூச்சை அரித்துவிடும். அங்கே சோப்புத்தூள் கரைசல்தான்.

காயாத துணிக் குவியல் பற்றி ஒரு வார்த்தை. ஈரத்துணி மூன்று நாள் கிடந்தால் அதில் வரும் புளித்த வாசமும், மெத்தென்ற மேடும் சேர்ந்து பூனையைக் கூப்பிடும். மழைமாதம் முழுக்கத் துணியை மூடியுள்ள கூடையில் போடுங்கள், இல்லை கொடியிலேயே விடுங்கள். தரையில் மட்டும் வேண்டாம்.

#12 ஃபெர்ன்ஹில்_சாலை

தைலம், பினாயில் இரண்டும் இன்று வெளியே போய்விட்டன. மூடியும் கழற்றியாயிற்று, டிரே உள்ளே வந்துவிட்டது. கணப்பை எப்படித் தடுப்பது? எந்தப் பூனை என்று கண்டுபிடிக்க வழி உண்டா? பழக்கத்தைத் திருப்புவது எந்த வரிசையில்?

#13 கேத்தி_பள்ளத்தாக்கு

கணப்பு: சாம்பலை முழுவதும் அள்ளி, தரைக்கல்லைக் கழுவிக் காயவைத்து, எரியாத நேரங்களில் வாயை மறைத்து ஒரு தகரத் தட்டோ சட்டம் போட்ட கோழிவலையோ நிறுத்துங்கள். வெறும் அட்டை வேண்டாம், நெருப்புப் பயம். அதே நேரத்தில், கணப்பு இருக்கும் அறையின் வேறு மூலையில் நுண்ணிய பெண்டோனைட் டிரே ஒன்று வையுங்கள். ஒரு இடத்தை அடைத்தால் அதற்குப் பக்கத்திலேயே மாற்றிடம் கொடுக்க வேண்டும். அடைத்துவிட்டுச் சும்மா இருந்தால் பூனை நான்காவது இடத்தைக் கண்டுபிடிக்கும், அது உங்கள் கட்டிலாக இருக்கும்.

எந்தப் பூனை: மூன்று நாள் இரண்டையும் தனித்தனி அறையில், தனித்தனி டிரேயோடு வையுங்கள். எளிய வழி அதுதான். சில மருத்துவர்கள் ஃபுளோரசின் சாயம் கொடுப்பார்கள், ஒரு பூனையின் சிறுநீர் மட்டும் புறஊதா வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். அதை அவர்கள்தான் கொடுக்க வேண்டும்.

ஆள் தெரிந்தபின், பத்துக்குப் பத்தடி அறை ஒன்று. ஒரு மூலையில் படுக்கை, எதிர் மூலையில் டிரே, நடுவில் தண்ணீர், சாப்பாடு. தரையில் கம்பளி, மிதியடி, துணி எதுவும் கூடாது. படுக்கையும் தடிமனான கம்பளியாக இல்லாமல், மெல்லிய துணி விரித்த அட்டைப்பெட்டியாக இருக்கட்டும், குளிருக்குப் பெட்டியின் அடியில் சாக்கு போடுங்கள். டிரேயில் பழைய உருண்டை ஒன்றைப் பாதி புதைத்து விடுங்கள், வாசம் பிடித்துப் போகும். இது தண்டனைச் சிறை ஆகிவிடக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை யாராவது உள்ளே போய் உட்கார்ந்து விளையாட வேண்டும்.

ஐந்து முதல் ஏழு நாள் தவறாமல் டிரேயில் போனபின் அடுத்த அறையைத் திறந்துவிடுங்கள், முதலில் நீங்கள் கூட இருக்கும்போது மட்டும். மூன்று நாள் சரியாகப் போனால் இன்னொரு அறை. எங்கேயாவது தவறினால் ஒரு படி பின்னால் வந்து மறுபடி. அவசரப்பட்டு ஒரே நாளில் வீடு முழுவதையும் திறந்துவிடுவதுதான் இந்த முறை தோற்கும் இடம்.

டிரேயை நிரந்தர இடத்துக்கு நகர்த்த வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு ஒரு சாண். ஒரேயடியாகத் தூக்கி வைத்தால், பூனை பழைய இடத்துக்குப் போய் வெறும் தரையில் இருக்கும்.

மூக்கைத் தேய்ப்பது, அதட்டுவது, தண்ணீர் தெளிப்பது எதுவும் வேண்டாம். அது கற்றுக்கொள்வது "இவர்கள் பார்க்கும்போது போகக்கூடாது" என்பதை மட்டும்தான். பிறகு பீரோவுக்குப் பின்னால் போகும், உங்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

#14 கூடலூர்_சாரல்

சுவரிலும் ஜன்னல் ஓரத்திலும் தெறித்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. குந்தி உட்கார்ந்து போவது வேறு, அடையாளம் தெளிப்பது வேறு. தெளிக்கும் பூனை நின்றபடி, வாலைத் தூக்கி, வால்நுனி நடுங்க, செங்குத்தான பரப்பில் கொஞ்சமாக அடிக்கும். அதற்கு டிரேயை மாற்றி என்ன செய்வது? கருத்தடை செய்தால் பத்து ஆண் பூனையில் ஏறக்குறைய ஒன்பது நிறுத்திவிடும். பெண் பூனையும் பருவத்துக்கு வந்தால் தெளிக்கும்.

கருத்தடை ஆனபின்னும் தெளித்தால் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஊர் ஆண் பூனை ராத்திரி வந்து வாசலில் தெளித்துவிட்டுப் போகும். மலையில் அதோடு நிற்காது. காட்டெருமை தோட்டத்தில் மேயும், குரங்கு தகரக் கூரையில் குதிக்கும், சிறுத்தை வாசமும் பூனைக்குத் தெரியும். உள்ளே இருக்கும் பூனைக்கு ஓடவும் வழியில்லை, விரட்டவும் வழியில்லை. ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மங்கல் ஒட்டுத்தாள் ஒட்டுங்கள், கட்டிலோ அலமாரியோ ஜன்னலைவிட்டுத் தள்ளி உயரமாக ஒரு ஒளிவிடம் கொடுங்கள். வெளிச்சுவரையும் கதவடியையும் வெலிங்டன் சொன்ன கரைசலால் கழுவுங்கள். பூனைக்கு வைக்கும் சோற்றை வெளித்திண்ணையில் மிச்சம் விடக்கூடாது, ஊர்ப்பூனையைக் கூப்பிடுவது அதுதான். சிறுத்தையும் பின்னாலேயே வரும்.

"வெளியே விட்டுவிட்டால் டிரேயே வேண்டாமே" என்று கேட்பார்கள். தேயிலைக்காட்டை ஒட்டிய வீடுகளில் அந்தி சாய்ந்தபின் பூனையை வெளியே விடுவது, அதைச் சிறுத்தைக்கு விட்டுக்கொடுப்பதற்குச் சமம்.

#15 மஞ்சூர்_மலை

அள்ளியதை எங்கே போடுவது என்பதை யாரும் தொடவில்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் பை தடை மாநிலத் தடைக்கு வெகுமுன்னாலிருந்தே உண்டு, 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாடு முழுக்கவும். அதனால் இரண்டு தாள் செய்தித்தாளில் மடித்து, மேலே குறுக்கே சணல் கட்டி, குப்பை வாங்க வருபவரிடம் மக்காத குப்பையோடு தனியாகச் சொல்லிக் கொடுங்கள். அவர் கையால் பிரிக்கிறவர், உள்ளே என்ன என்று அவருக்குத் தெரியவேண்டும்.

கழிவறையில் ஊற்றாதீர்கள். பெண்டோனைட் குழாயில் வீங்கி அடைக்கும், செப்டிக் டேங்கின் அடியில் களியாகப் படியும்.

கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் பாத்திக்கு எருவாகப் போடவே கூடாது. பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கக்கூடும். வெளியேறிய ஒரு நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் அது தொற்றும் நிலைக்கு வரும், குளிர்ந்த ஈரமண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நம் மண் அதற்கு வாகான மண். தினமும் அள்ளினால் தொற்றும் நிலைக்கு வருமுன்பே பெரும்பாலும் வெளியே போய்விடும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் டிரே வேலையை வேறு யாராவது செய்யட்டும். முடியாவிட்டால் கையுறை போட்டு, தினமும், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவி.

மரத்தூள், பெல்லட் மட்டும் என்றால் குழிவெட்டலாம். ஓடை, ஊற்று, கிணற்றிலிருந்து நூறடி தள்ளி, இரண்டடி ஆழம், ஒவ்வொரு முறையும் மேலே மண். சரிவில் மழைத்தண்ணீர் ஓடும் வழியில் வெட்டாதீர்கள். மேலே கல்பலகை வையுங்கள், இல்லாவிட்டால் காட்டுப்பன்றி கிளறிவிடும்.

#16 லைன்வீட்டு_ஜன்னல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும் அண்ணா. கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன் வீடு, இரண்டே அறை. ஆறு வாரக் குட்டி ஒன்று. பெரிய டிரேக்கு இடமில்லை. எதில் தொடங்குவது?

#17 கேத்தி_பள்ளத்தாக்கு

மன்னிப்பு எதற்கு, கேளுங்கள். ஆறு வாரக் குட்டிக்கு விளிம்பு 5, 6 செ.மீ. உயரமுள்ள எதுவும் போதும். பழைய பேக்கரித் தட்டு, எண்ணெய் டின்னைக் குறுக்கே வெட்டி விளிம்பை மடக்கித் தட்டியது, எதுவானாலும் சரி. உருண்டை கட்டும் பெண்டோனைட் இப்போது வேண்டாம், குட்டி வாயில் போட்டுப் பார்க்கும், குடலில் கட்டிக்கொள்ளும். மூன்று நான்கு மாதம் வரை காய்ந்து சலித்த மரத்தூளோ கிழித்த செய்தித்தாளோ போடுங்கள். தாளை மட்டுமே நீண்டநாள் பழக்கினால் பின்னால் தரையில் கிடக்கும் தாள்மேலெல்லாம் போகும், அதனால் சீக்கிரம் தூளுக்கு வந்துவிடுங்கள்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி நேரத்திலும், ஓடியாடி முடித்ததும் தட்டில் கொண்டுவிடுங்கள். காலைப் பிடித்துத் தோண்ட வைக்க வேண்டாம், நீங்கள் விரலால் லேசாகக் கீறிக்காட்டினால் போதும். தவறி வெளியே போனதைத் தாளில் ஒற்றி எடுத்து, அந்தத் தாளைத் தட்டிலேயே போடுங்கள். ராத்திரி குட்டி படுக்கும் அறையிலேயே தட்டு இருக்கட்டும். அந்த வயதில் பத்தடிக்கு மேல் நடக்க நேரம் இருக்காது.

அடுப்படியில் சாம்பல் அள்ளிவைக்கும் டப்பாவை மூடியே வையுங்கள். பூந்தொட்டி இருந்தால் மண்மேல் முட்டை அளவு கூழாங்கல் நெருக்கமாக அடுக்குங்கள். தொட்டியில் லில்லி இருந்தால் வீட்டைவிட்டே எடுத்துவிடுங்கள். அதன் மகரந்தம் மேலே பட்டு நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும்.

#18 கொடைக்கானல்_குறிஞ்சி

கிழட்டுப் பூனைக்கும் அதே தாழ்ந்த விளிம்புதான். பன்னிரண்டு வயதுக்கு மேல் பெரும்பாலானவற்றுக்கு மூட்டுத் தேய்மானம் உண்டு, பனிக்காலத்தில் பிடித்துக்கொள்ளும். டிரேக்கு வெளியே ஒட்டினாற்போல் போயிருந்தால், உள்ளே ஏற முடியாமல் நின்றுவிட்டது என்று பொருள். நுழைவாயிலை 6 செ.மீ. உயரத்துக்குக் கீழே வரும்படி வெட்டி, முன்னால் ஒரு மடித்த சாக்கைப் படிபோல் போடுங்கள். மாடியும் கீழுமான வீடானால் இரண்டிலும் ஒவ்வொன்று.

#19 மருந்துப்பெட்டி

ஃபெர்ன்ஹில், திங்களன்று மருத்துவரிடம் போகும்போது இதை எழுதி எடுத்துப் போங்கள். ஒவ்வொரு டிரேக்கும் ஒரு வரி: தேதி, எத்தனை சிறுநீர் உருண்டை, எந்த அளவு, எத்தனை மலம், கெட்டியா இளக்கமா. ஒரு பூனைக்குப் பொதுவாக நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு உருண்டை, ஒரு மலம். உருண்டை பெரிதாகிக்கொண்டே போனால் சர்க்கரை, சிறுநீரகம். சிறுத்துப் பெருகினால் சிறுநீர்ப்பை. ஒன்றுமே இல்லாமல் ஒரு நாள் போனால், திங்கள் வரை காத்திருக்காதீர்கள்.

சிறுநீர் மாதிரி கேட்டால், கழுவிக் காய்ந்த டிரேயில் மண்ணுக்குப் பதில் பொடியாக வெட்டிய சுத்தமான பிளாஸ்டிக் துண்டுகளையோ கழுவிய மீன்தொட்டிக் கல்லையோ போடுங்கள். ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சில் உறிஞ்சி, மூடியுள்ள சுத்தமான பாட்டிலில் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேருங்கள். தாமதமானால் ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர்கிறதே என்று வெளியே வைத்துவிட வேண்டாம், பகல் வெயிலில் கெட்டுவிடும்.

#20 ஃபெர்ன்ஹில்_சாலை

நோட்டுப் போட்டாயிற்று டாக்டர். 60 செ.மீ. பெட்டி இரண்டு வாங்கி வெட்டியாயிற்று. ஒன்று முன்னறையில், ஒன்று படுக்கையறை ஓரத்தில். பழைய 40 செ.மீ. டிரே, மூடி இல்லாமல், நடையில். வாசனையில்லாத மண் கால் பங்கு கலந்து இன்று இரவு தொடங்குகிறது. பெண் பூனை தனி அறைக்குப் போகிறது, மூன்று நாள் கணக்கை வியாழக்கிழமை இங்கே போடுகிறேன்.